மலையாற்றுக் கல்லின் வழிநடை

மழைக்காலம் கழிந்த பின் மலையடிவாரத்து ஆற்றங்கரைக்குச் சென்று பார்ப்போமாயின், ஓடும் நீரின் அளவுக்குச் சற்றும் பொருந்தாத பெருங்கற்கள் படுகையெங்கும் பரந்து கிடப்பதைக் காண்போம். முழங்கால் அளவு நீர் சலசலத்து ஓடிக்கொண்டிருக்கும்; அதன் நடுவே யானைத் தலையளவு பாறையொன்று அமர்ந்திருக்கும். அதன் விளிம்புகள் தேய்ந்து வழவழப்பாயிருப்பதைக் கண்டவுடன், அது அங்கே பிறந்ததன்று, வேறெங்கிருந்தோ உருண்டு வந்தது என்பது சிறு குழந்தைக்கும் விளங்கிவிடும். ஆனால் எங்கிருந்து வந்தது, எப்பொழுது வந்தது, எத்தனை நாள் நடந்தது, எத்தனை ஆண்டுகள் படுத்துக் கிடந்தது என்று கேட்டால், நூறு ஆண்டுகளுக்கு முன்பு எந்த அறிஞராலும் திட்டமாக விடை கூற இயன்றிராது.

காரணம் எளிது. கல் நகர்வது வெள்ளத்தில். வெள்ளமோ கலங்கிப் பெருகி வருவது. அடியில் நடப்பது கண்ணுக்குத் தெரியாது, இறங்கிப் பார்ப்பவன் பிழைக்கமாட்டான். நீர் வடிந்து தெளிந்த பின் நாம் சென்று பார்க்கும்பொழுது, கல் ஒன்றும் அறியாதது போலக் கிடக்கிறது. நீரில் மிதந்து வரும் வண்டலை அளப்பது அவ்வளவு கடினமன்று. ஒரு பாத்திரத்தில் நீரை முகந்து, தெளியவைத்து, அடியில் படிந்ததை நிறுத்துவிடலாம். கல்லை எவ்வாறு முகப்பது? கம்பி வலையாற் செய்த கூடைகளை ஆற்றின் அடியில் இறக்கிப் பார்த்தார்கள். கூடையை வைத்த மாத்திரத்தில் அவ்விடத்தில் நீரின் போக்கே மாறிவிடுகிறது. கற்கள் மெய்யாகவே பெயர்ந்து வரும் பெருவெள்ளத்திலோ கூடையும் அவற்றோடு போய்விடுகிறது.

இது அறிவு வேட்கைக்காக மட்டும் எழுந்த வினா என்று நேயர்கள் எண்ணிவிட வேண்டாம். ஒரு காலத்தில் ஒரு நாட்டில், இதன் விடையைப் பொறுத்தே ஊர்களின் வாழ்வும் தாழ்வும் இருந்தன. அந்த நாடு அமெரிக்காவின் மேற்குக் கரையில் உள்ள கலிபோர்னியா.

அங்கே 1848-ஆம் ஆண்டில் தங்கம் கண்டுபிடிக்கப்பட்டது. ஓடைகளில் கிடந்த பொன்துகள் சில ஆண்டுகளிலேயே தீர்ந்துபோயிற்று. ஆனால் சியரா நெவாடா மலைச் சரிவுகளில், பண்டைக் காலத்து ஆறுகள் விட்டுச் சென்ற சரளை மேடுகள் பல நூறு அடி கனத்தில் கிடந்தன. அவற்றினுள்ளும் பொன் கலந்திருந்தது. மண்வெட்டியால் அவற்றைத் தோண்டிக் கட்டுப்படியாகாது. 1853-ல் எட்வர்ட் மாட்டிசன் என்பவர் ஒரு வழி கண்டார். உயரத்திலிருந்து நீரைக் குழாய் வழியே இறக்கி, முனை குறுகிய வாய் வழியாக மேட்டின்மீது பீய்ச்சினால், மேடு தானே சரிந்து விழுகிறது. விழுந்ததை அந்த நீரே அடித்துக்கொண்டு போகிறது. சில ஆண்டுகளில் இந்தக் குழாய்கள் பீரங்கி போன்ற இரும்பு யந்திரங்களாக வளர்ந்தன. பல மைல் நீளக் கால்வாய்கள் மலையைச் சுற்றி வெட்டப்பட்டன. குன்றுகள் கரைந்தன. பொன்னைப் பிரித்தெடுத்த பின் எஞ்சிய கல்லும் மணலும் சேறும் அருகிலிருந்த பள்ளத்தாக்கில் தள்ளிவிடப்பட்டன. அவற்றை ஆறு பார்த்துக்கொள்ளும் என்பது எண்ணம்.

ஆறு பார்த்துக்கொள்ளத்தான் செய்தது. 1861-62 பனிக்காலத்தில் வந்த பெருவெள்ளம், மலையில் குவிந்து கிடந்ததைச் சமவெளிக்கு இறக்கியது. யூபா ஆறு பெதர் ஆற்றோடு கலக்கும் இடத்தில் மேரிஸ்வில் என்ற ஊர் இருக்கிறது. அவ்வூரைச் சுற்றியிருந்த கோதுமை வயல்களும் பழத்தோட்டங்களும் சரளையின் கீழ்ப் புதைந்தன. ஆற்றின் படுகை உயர்ந்துகொண்டே வந்தது. ஊரார் கரையை உயர்த்தினர். படுகை மேலும் உயர்ந்தது. இறுதியில் ஊரின் தெருக்களைவிட ஆற்றின் படுகை மேலே நின்றது. 1875-ல் கரை உடைந்து வெள்ளம் ஊருக்குள் புகுந்தது.

விவசாயிகள் நீதிமன்றத்தை நாடினர். இங்கேதான் நம் கதைக்கு மிக வேண்டிய ஓர் இடம் வருகிறது. 1876-ல் பேர் ஆற்றங்கரை விவசாயியான ஜேம்ஸ் கீஸ் என்பவர் சுரங்கக் கம்பெனிகள் பலவற்றின்மீது சேர்த்து வழக்குத் தொடுத்தார். கம்பெனிகள் ஒவ்வொன்றும் தனித்தனியே தொழில் நடத்துகின்றன, ஆகவே எல்லோரையும் ஒரே வழக்கில் சேர்த்தது செல்லாது என்று கூறி, மாநிலத்தின் மேல்நீதிமன்றம் 1879-ல் அவ்வழக்கைக் கவிழ்த்தது. தனித்தனியே தொடுப்பதென்றால், தம் வயலில் கிடக்கும் இந்தக் கல் இன்ன கம்பெனியின் சுரங்கத்திலிருந்து வந்தது என்று அந்த விவசாயி எப்படிக் காட்டுவார்? கல்லின்மேல் பெயர் பொறித்திருக்கவில்லை. அது வந்த வழியைக் கண்டவரும் இல்லை. நாற்பது மைல் தொலைவில், மலைக்கு அப்பால் தள்ளிவிட்டவர் கை கழுவிவிட்டார்.

பின்னர் மேரிஸ்வில்லில் சொத்து வைத்திருந்த எட்வர்ட்ஸ் உட்ரஃப், 1882-ல் கூட்டரசு நீதிமன்றத்தில் வேறொரு வழக்கைத் தொடுத்தார். இம்முறை அந்தப் பழைய வாதம் எடுபடவில்லை. பலருடைய கழிவும் ஒன்றாகக் கலந்து ஒரே தீங்கை விளைவிக்கையில், பலரையும் ஒன்றாகவே தடுக்கலாம் என்று நீதிமன்றம் கொண்டது. 1884 ஜனவரி 7-ஆம் நாள் நீதிபதி லாரன்ஸோ சாயர், யூபா ஆற்றிலும் அதன் கிளைகளிலும் சுரங்கக் கழிவைக் கொட்டலாகாது என்று நிரந்தரத் தடை விதித்தார். ஒரு பெருந்தொழிலை அதன் கழிவுக்காக நிறுத்திய தீர்ப்புகளில் இது மிகப் பழமையானவற்றுள் ஒன்று. எனினும் ஏற்கனவே ஆற்றில் விழுந்துவிட்ட கல்லுக்கு எந்தத் தடையுத்தரவும் செல்லாது. அது தன் போக்கில் இறங்கிக்கொண்டிருந்தது.

சுரங்கக்காரரும் சும்மா இருக்கவில்லை. கழிவைத் தடுத்து வைக்கும் அணைகளைக் கட்டிக்கொண்டு மீண்டும் தொழில் நடத்த அனுமதி வேண்டினர். ஆறு எவ்வளவு கல்லைத் தாங்கும், அது எவ்வளவு விரைவில் கடலை அடையும் என்பது தெரிந்தாலன்றி இதற்கு முடிவு காண இயலாது. 1905-ல் இந்த ஆராய்ச்சியை அமெரிக்க நிலவியல் துறை குரோவ் கார்ல் கில்பர்ட் என்பவரிடம் ஒப்படைத்தது. அப்பொழுது அவருக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தது. நாட்டின் தலைசிறந்த நிலவியல் அறிஞர் என்ற பெயரும் இருந்தது. ஓய்வெடுக்க வேண்டிய வயதில் அவர் சுரங்கக் குழிகளையும் ஆற்று மேடுகளையும் ஒவ்வொன்றாக அளக்கப் புறப்பட்டார்.

கில்பர்ட் வேலையை இரு கூறாகப் பிரித்துக்கொண்டார். ஒன்று மலையில், மற்றொன்று பெர்க்லியில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில். அங்கே மரத்தால் நீண்ட செயற்கைக் கால்வாய்கள் அமைத்து, அவற்றில் அளந்த நீரையும் அளந்த சரளையையும் விட்டு, எந்தச் சரிவில் எவ்வளவு நகர்கிறது என்று குறித்தார். கற்கள் சில உருளுகின்றன, சில வழுக்குகின்றன, சில தத்தித் தத்திப் பாய்கின்றன என்பதைக் கண்டார். பருங்கல்லோடு சிறு மணலைக் கலந்துவிட்டால், பருங்கல்லே முன்னைவிட எளிதாக நகர்கிறது என்பது அவர் கண்ட விந்தைகளுள் ஒன்று. இந்தச் சோதனைகளின் முடிவு 1914-ல் நூலாக வந்தது.

மலையாராய்ச்சியின் முடிவு 1917-ல் வெளிவந்தது. யூபாப் படுகையில் மட்டும் சுரங்கங்கள் கரைத்துத் தள்ளியது ஏறக்குறைய 68 கோடி கன கெஜம் என்று அவர் கணக்கிட்டார். சியரா நெவாடா முழுவதற்கும் சேர்த்துப் பார்த்தால், பனாமாக் கால்வாய்க்காகத் தோண்டியதைப் போல் சுமார் எட்டு மடங்கு. இத்தனையும் ஓர் அலையைப் போல் கீழ்நோக்கிச் செல்கிறது என்பது அவர் கருத்து. வெள்ளம் வரும்பொழுது நீர்மட்டம் ஏறி, உச்சியை அடைந்து, பின் வடிகிறதன்றோ? அதேபோல் ஆற்றின் படுகையும் ஏறி, உச்சியை அடைந்து, இறங்கும். வெள்ளத்துக்கு நாட்கள் என்றால் கல்லலைக்கு ஆண்டுகள், அவ்வளவுதான் வேறுபாடு. சாக்ரமெண்டோ நகரில் ஆற்று மட்டத்தை ஆண்டுதோறும் குறித்து வைத்த கணக்கு அவருக்குச் சான்றாய் நின்றது. அந்தப் படுகை பல அடி உயர்ந்து, 19-ஆம் நூற்றாண்டின் இறுதிக்குப் பின் இறங்கத் தொடங்கியிருந்தது. மலையில் கொட்டிய சேறு சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவைத் தூர்த்து, கடலின் ஏற்றவற்றப் போக்கையே குறைத்துவிடும் என்பதையும் அவர் எடுத்துக் காட்டினார். சுரங்கத்தில் பீய்ச்சிய நீருக்கும் துறைமுகத்தின் வாயிலுக்கும் உள்ள தொடர்பை அவருக்கு முன் எவரும் இப்படிக் கணக்கிட்டுக் காட்டியதில்லை. 1918-ல் கில்பர்ட் காலமானார்.

கில்பர்ட் அளந்தது கற்கூட்டத்தை. கூட்டத்திலுள்ள தனியொரு கல் எவ்வாறு பயணம் செய்கிறது என்ற வினா அப்படியே நின்றது. அதற்கு விடை ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலைநாட்டில் தேடப்பட்டது. அங்கும் ஓர் ஆற்றின் தொல்லையே காரணம். ரைன் ஆறு கான்ஸ்டன்ஸ் ஏரியை அடையுமுன், வெள்ளக் கொடுமையைக் குறைப்பதற்காக அதன் வளைவுகளை 1900-லும் 1923-லும் வெட்டி நேராக்கினர். நீர் விரைந்து ஓடிற்று. கல் அதே விரைவில் போகவில்லை. வெட்டிய புது வழியில் சரளை படிந்து மேடிட்டது. இதை ஆராயவென்றே ஜூரிச் தொழில்நுட்பக் கல்லூரியில் 1930-ல் ஏற்பட்ட நீரியல் சோதனைச்சாலை பெரிதும் உழைத்தது. அதன் தலைவர் மேயர்-பீட்டர். அவரிடம் வந்து சேர்ந்த இளம் பொறியாளர்களுள் ஒருவர் ஹான்ஸ் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன். சார்புக் கொள்கையைக் கண்ட மேதையின் மைந்தர். தந்தையும் 1926-ல் ஆறுகள் வளைந்து ஓடுவதன் காரணம் பற்றி ஒரு கட்டுரை எழுதியவர் என்பது பலர் அறியாத செய்தி. தேநீர்க் கோப்பையைக் கலக்கினால் தேயிலை நடுவில் வந்து சேருவது ஏன் என்பதிலிருந்து அதை விளக்கியிருந்தார்.

மைந்தர் செய்தது மிக எளிய காரியம். கற்களுக்குச் சாயம் பூசி, சோதனைக் கால்வாயின் தலைப்பில் இட்டு, குறித்த நேரம் கழித்து நீரை நிறுத்தி, ஒவ்வொன்றும் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று அளந்தார். ஒரே அளவுள்ள கற்கள், ஒரே நீர், ஒரே நேரம். ஆயினும் ஒன்று அருகிலேயே கிடந்தது, மற்றொன்று நெடுந்தொலைவு சென்றிருந்தது. இதைச் சோதனையின் குறை என்று அவர் தள்ளிவிடவில்லை. கல்லின் இயல்பே அதுதான் என்று கொண்டார். கல் ஒரு பாய்ச்சல் செல்கிறது, பிறகு ஓய்கிறது. மீண்டும் ஒரு பாய்ச்சல், மீண்டும் ஓய்வு. சத்திரத்துக்குச் சத்திரம் தங்கிச் செல்லும் யாத்திரிகனைப் போன்றது அதன் நடை. எந்தச் சத்திரத்தில் எத்தனை நாள் தங்குவான் என்று ஒருவனைப் பற்றிச் சொல்ல இயலாது. ஆயிரம் பேரைப் பற்றிச் சொல்லலாம். 1936-ல் அவர் எழுதி முடித்து மறு ஆண்டில் வெளியான ஆராய்ச்சி நூல், சூதாட்டத்துக்கும் காப்புறுதிக்கும் பயன்பட்டு வந்த நிகழ்தகவுக் கணிதத்தை ஆற்றுக் கல்லுக்குப் பொருத்திக் காட்டியது. கல்லின் ஒவ்வொரு பாய்ச்சலும் சராசரியாக அதன் குறுக்களவைப் போல் நூறு மடங்கு என்று அவர் பின்னாளில் கொண்டார். 1938-ல் அமெரிக்காவில் குடியேறிய அவர், 1947-ல் பெர்க்லியில், கில்பர்ட் கால்வாய் அமைத்த அதே பல்கலைக்கழகத்தில், ஆசிரியராக அமர்ந்தது ஒரு நல்ல பொருத்தம்.

சோதனைச்சாலையில் நீரை நிறுத்திப் பார்க்கலாம். ஆற்றில் எங்ஙனம் நிறுத்துவது? சாயம் பூசிய கற்களையே ஆற்றிலும் இட்டுப் பார்க்கத் தொடங்கினர். நியூ மெக்சிகோவில் ஆண்டில் சில நாட்களே நீரோடும் ஒரு காட்டாற்றில் லூனா லியோபோல்டும் அவர் தோழர்களும் சாயக் கற்களை வரிசை வரிசையாக அடுக்கினர். வெள்ளம் வந்து வடிந்ததும் கீழ்நோக்கி நடந்து சென்று தேடினர். நெருக்கமாக வைத்த கற்கள் எளிதில் பெயர்வதில்லை, ஒன்றுக்கொன்று விலகி இருப்பவையே முதலில் பெயர்கின்றன என்று 1966-ல் அறிவித்தனர். ஒரு கல் மற்றொன்றுக்கு நிழல் போல் நின்று நீரின் வேகத்தைத் தடுக்கிறது. வைரம் போன்ற இந்த உண்மையைச் சொல்வதற்குச் சாயமும் தூரிகையும் பொறுமையும் போதுமாயிருந்தன!

சாயத்துக்கு ஒரு பெருங்குறை உண்டு. மேலே கிடக்கும் கல் மட்டுமே கண்ணுக்குப் படும், புதைந்தது தொலைந்தது. கண்டவற்றைக் கொண்டு மட்டும் கணக்கிட்டால், ஓடியவனை எண்ணி உறங்கியவனை மறந்ததாகும். ஆகவே 1980-களில் இஸ்ரேலின் வறண்ட ஓடைகளில் கற்களைத் துளைத்துக் காந்தத் துண்டுகளைப் பதித்து, நிலத்துக்கடியிலும் தேடிக் கண்டுபிடித்தனர். பெருவெள்ளத்துக்குப் பின் பல கற்கள் ஒரு முழ ஆழத்தில்கூடப் புதைந்திருப்பது தெரியவந்தது. அவை மீண்டும் வெளிவர வேண்டுமாயின், மேலுள்ள படுகை முழுவதையும் மற்றொரு வெள்ளம் பெயர்க்க வேண்டும். பவேரியாவின் ஓர் ஆல்ப்ஸ் ஓடையிலும் அலாஸ்காவிலும் கல்லினுள் சிறு வானொலி அஞ்சல் கருவியைப் பதித்து, அது நகர்வதையும் நிற்பதையும் வெள்ளத்தின் நடுவிலேயே கேட்டனர். வானொலி நேயர்களுக்கு இது உவப்பான செய்தியாயிருக்கும்: கல்லும் ஒலிபரப்பியது! ஆனால் அதன் மின்கலம் விரைவில் தீர்ந்துவிடும். 21-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மின்கலம் வேண்டாத கண்ணாடிக் குமிழ்கள் கல்லுக்குள் ஏறின. மீன்களுக்கு அடையாளமிடப் பயன்பட்டு வந்தவை இவை. அரிசிமணியைவிடச் சற்றுப் பெரியவை. ஏரியல் வளையம் ஒன்றைப் படுகையின்மேல் பிடித்து நடந்தால், புதைந்த கல்லும் தன் எண்ணைச் சொல்லும். ஒவ்வொரு கல்லுக்கும் ஓர் எண், ஆண்டுக்கணக்கில் அழியாது. கீஸ் என்ற அந்த விவசாயியிடம் இல்லாதது இதுதான்.

கல்லைப் பின்தொடராமல், ஓரிடத்தில் நின்று வருவதையெல்லாம் பிடித்தவர்களும் உண்டு. வயோமிங்கின் கிழக்குக் கிளை ஆற்றில் 1973 முதல் சில ஆண்டுகள் லியோபோல்டும் எம்மெட்டும் படுகையின் முழு அகலத்துக்கும் ஒரு கற்காரைத் தொட்டி அமைத்தனர். அதில் விழுந்த மணலையும் சரளையையும் ஓயாது சுழலும் பட்டை ஒன்று கரைக்குக் கொணர்ந்து நிறுத்தது. நீரின் அளவு மாறாதிருக்கும்பொழுதும் படுகைச் சுமை ஏறியும் இறங்கியும் வருவதை அங்கே கண்கூடாகக் கண்டனர். சுவிட்சர்லாந்தின் எர்லென்பாக் ஓடையில் 1986 முதல், கல் மோதும் அதிர்ச்சியை உணரும் கருவிகள் படுகையில் இருக்கின்றன.

அதிர்ச்சியைக் கேட்கும் இந்த உத்தி நம் வடபுலத்து மலைகளுக்கும் வந்தது. நேபாளத்தில் திரிசூலி ஆற்றின் அருகே நில நடுக்கத்தைப் பதிவதற்காக 2003-ல் வைத்திருந்த கருவிகளின் பதிவை ஆராய்ந்தபொழுது, மழைக்காலத்தில் மட்டும் ஓர் ஓயாத முணுமுணுப்பு இருப்பது தெரிந்தது. அதில் ஒரு பங்கு ஆற்றின் அடியில் கற்கள் மோதி உருளும் ஓசை என்று 2008-ல் அறிவித்தனர். கங்கைச் சமவெளிக்கு இதில் பெரிய அக்கறை உண்டு. இமயத்தில் நிலச்சரிவால் விழும் அத்தனை கல்லும் சமவெளிக்கு வந்து படுகையை மேடாக்குமோ என்ற அச்சம் இயல்பானது. 2017-ல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி, ஏறக்குறைய 100 கிலோமீட்டருக்கு மேல் மலைக்குள் உருண்ட கல்லின் பெரும்பகுதி அரைபட்டு மணலாகிவிடுகிறது என்று காட்டிற்று. கடினமான வெண்படிகக் கல் மட்டும் தாக்குப்பிடிக்கும். சமவெளி விளிம்புக்கு வந்து சேரும் கூழாங்கற்கள் பெரும்பாலும் அண்மைக் குன்றுகளின் பிள்ளைகள். கல் தொலைவுக்கேற்பத் தேய்வதை ரைன் ஆற்றில் அளந்து 1875-ல் ஸ்டெர்ன்பெர்க் கூறிய விதிக்கு இது ஒரு புதிய சாட்சி. அச்சம் முற்றும் தீர்ந்தபாடில்லை. கல் மணலானால் மணலும் படுகையில் தங்கக் கூடியதே.

இனி யூபாவுக்குத் திரும்புவோம். கல்லலை கடந்து சென்றுவிடும் என்று கில்பர்ட் கூறினாரல்லவா? ஆற்றின் நடுவாய்க்கால் அவர் சொன்னபடியே பல இடங்களில் ஆழ்ந்தது. ஆனால் 1980-களில் பேர் ஆற்றை ஆராய்ந்த ஆலன் ஜேம்ஸ், சுரங்கக் கழிவின் பெரும்பகுதி இன்னும் பள்ளத்தாக்கிலும் கரையோரத் திட்டுகளிலுமே கிடக்கிறது, வெள்ளந்தோறும் சிறிது சிறிதாக ஆற்றில் இறங்கிக்கொண்டிருக்கிறது என்று காட்டினார். படுகை தாழ்ந்ததைக் கண்டு கல் போய்விட்டது என்று முடிவு கட்டியது சரியன்று. சாயக் கற்களைக் கொண்டு ஐன்ஸ்டைன் கண்ட ஓய்வுகளை நினைத்தால் இதில் வியப்பில்லை. கில்பர்ட்டின் பெருமையை இது குறைத்துவிடாது என்பதே என் துணிபு. ஆற்றின் ஓரங்களை அளக்கச் சொல்லிக் கொடுத்தவரும் அவரே.

கிடப்பது வெறுங்கல்லாக இருந்தாலும் பாதகமில்லை. பொன்னைப் பிரிக்கச் சுரங்கக்காரர் பாதரசத்தைத் தாராளமாகப் பயன்படுத்தினர். அதில் ஒரு பகுதி கழிவோடு கலந்து இறங்கிற்று. யூபாவின் சமவெளிப் படிவுகளை வெள்ளங்கள் அரித்து அந்தப் பாதரசத்தைக் கீழே கொண்டுசெல்வது இன்னும் பல்லாயிரம் ஆண்டுகள் நீடிக்கலாம் என்று 2013-ல் ஓர் ஆராய்ச்சி கணித்தது. சாயர் தீர்ப்பளித்து ஒன்றரை நூற்றாண்டு கூட நிறையவில்லை.

மலையிலிருந்து இறங்கும் கழிவைத் தடுக்க 1941-ல் யூபாவின் குறுக்கே எங்கல்பிரைட் அணை கட்டி முடிக்கப்பட்டது. அணைக்கு மேலே கல் தேங்கியது. கீழே நீர் மட்டும் வந்தது. நீர் மட்டும் வரும் ஆறு பசித்த ஆறு. அணையின் அடியிலிருந்த சரளையை அது அரித்துக்கொண்டு போயிற்று. சால்மன் மீன்கள் முட்டையிடுவதற்குச் சரளை வேண்டும். ஆகவே 2007-ல் சோதனையாகத் தொடங்கி, அணைக்குக் கீழே உள்ள அந்த ஆற்றில், ஒரு காலத்தில் கல்லால் ஊரையே புதைத்த ஆற்றில், வெளியிலிருந்து கல்லைக் கொண்டுவந்து கொட்டி வருகிறார்கள். கொட்டிய கல் எவ்வளவு தூரம் போகிறது என்று வெள்ளந்தோறும் தேடிப் பார்க்கிறார்கள்.